புது டிஸ்க்கில் பழைய பேட்: நான் அளந்ததும் பார்க்காமல் விட்டதும்

காரின் முன் சக்கரப் பிரேக் பேடை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்தும் கட்டையை) கழற்றியதும் முதல் வேலையாக வெர்னியரை எடுத்து அளந்தேன். வெளிப்பக்கப் பேடில் 5 மி.மீ., உள்பக்கப் பேடில் 4.5 மி.மீ. உராய்வுப் பொருள் மீதம் இருந்தது. புதிதாக இருந்தபோது அது 11 மி.மீ. 2 மி.மீ. ஆகும்போது மாற்ற வேண்டும் என்று காரோடு வந்த கையேடு சொல்கிறது. அப்படியானால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் இருக்கிறது, இதைத் தூக்கிப் போடுவது வீண் என்று முடிவு செய்தேன். புது டிஸ்க்கை மாட்டி, அதே பழைய பேடுகளைத் திரும்பப் பூட்டினேன். ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

டிஸ்க் மாற்றியதற்குக் காரணம் நடுக்கம். வேகமாகப் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் உதறும், பெடலும் காலுக்கடியில் துடிக்கும். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்கின் இரண்டு முகத்திலும் வட்டவட்டமாகக் கோடுகள் விழுந்திருந்தன. வெளி விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வரப்பு. டிஸ்க்கின் நடுத் தொப்பிப் பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று பொறித்திருந்தது. வெர்னியர் வைத்தால் 21.4 காட்டியது. முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் வெர்னியரின் தாடை அந்த விளிம்பு வரப்பின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வரப்பைத் தாண்டி உள்ளே மைக்ரோமீட்டரால் அளந்தால் 20.2. டிஸ்க்கை அளக்கும் யாரும் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். தேய்ந்த பகுதியைத்தான் அளக்க வேண்டும், விளிம்பை அல்ல.

டிஸ்க் வாங்கும்போதே "பேட் வேண்டாமா?" என்று கேட்டார் விற்றவர். இருப்பது போதும் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனும் போனில் சொன்னார்: "தம்பி, டிஸ்க்கை மாத்தினா பேடையும் மாத்திடுங்க. ரெண்டும் ஜோடி." ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பார். 5 மி.மீ. என்ற எண் என் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

மாட்டி முடித்து முதல் முறை காரை எடுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, அமுங்கிப் போகவில்லை. ஆனால் மிதிக்கிற அளவுக்கு வண்டி நிற்கவில்லை. வழக்கமாக லேசாக மிதிக்கும் இடத்தில் காலை ஊன்றி மிதிக்க வேண்டியிருந்தது. கூடவே அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம். புது டிஸ்க் பழகும்வரை இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் இன்னொன்றும் சேர்ந்தது: அழுத்தி மிதித்தால் வண்டி இடது பக்கம் லேசாக இழுத்தது. வண்டியை நிறுத்தி இறங்கியபோது எரிந்த வாடை அடித்தது. அதற்கு மேல் ஓட்ட மனம் வரவில்லை.

சக்கரத்தைக் கழற்றினேன். நூறு கிலோமீட்டர்கூட ஓடாத டிஸ்க்கில் பளபளவென்று மூன்று வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அவற்றுக்கு நடுவே, தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன. பேட் அங்கே தொடவே இல்லை. மூன்றில் ஒரு வளையம் மட்டும் நீலம் பாரித்திருந்தது.

அப்போதுதான் பேடின் முகத்தைச் சரியாகத் திருப்பிப் பார்த்தேன். பழைய டிஸ்க்கில் எங்கெல்லாம் வாய்க்கால் விழுந்திருந்ததோ, அங்கெல்லாம் பேடில் வரப்பு. டிஸ்க்கில் வரப்பு இருந்த இடத்தில் பேடில் வாய்க்கால். பல ஆயிரம் கிலோமீட்டர் ஒன்றையொன்று தேய்த்து, இரண்டும் பூட்டும் சாவியும் போல ஆகிவிட்டன. பழைய டிஸ்க்கோடு இருந்தவரை முழு முகமும் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டையான புது டிஸ்க்கின் மேல் வைத்ததும் வரப்புகளின் முனை மட்டும்தான் தொடுகிறது. நான் தடிமனை மட்டும் அளந்தேன். தேய்மானம் பேடின் வடிவத்தையும் மாற்றியிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பள்ளியில் படித்திருக்கிறோமே? குறைந்த பரப்பில் தொட்டாலும் அதே விசையில் அழுத்தினால் அதே பிடி கிடைக்க வேண்டாமா? காகிதத்தில் சரிதான். ஆனால் அந்த விதி வெப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, பிரேக்கில் எல்லாம் வெப்பம்தான். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனுள் ஏறக்குறைய 4,63,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஒரே மிதியில் நிற்கும்போது அதில் பெரும்பகுதி சில நொடிகளில் வெப்பமாகிறது. அதிலும் பெரும் பங்கு முன் டிஸ்க்குகளில் இறங்குகிறது, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முழு முகத்திலும் பரவ வேண்டிய அந்தச் சூடு மூன்று மெல்லிய வளையங்கள் வழியாக இறங்கினால் அந்த இடம் தாங்குமா? பேடின் பொருளை ஒட்டிவைத்திருக்கும் பிசின் அந்த முனைகளில் கருகத் தொடங்குகிறது, பிடி குறைகிறது. நான் முகர்ந்த வாடையும் டிஸ்க்கில் கண்ட நீலமும் அதனால் வந்தவைதான்.

பிடி சற்றுக் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, புவியீர்ப்பின் 0.8 மடங்கு வேகக்குறைப்பு கிடைத்தால் சுமார் 18 மீட்டர் ஆகும். அது 0.6 மடங்காகக் குறைந்தால் சுமார் 24 மீட்டர். ஆறு மீட்டர் என்பது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். இந்தக் கணக்கை நான் போட்டது எல்லாம் முடிந்தபிறகு. போட்டபின் அந்த மூன்று நாளும் பின் இருக்கையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இன்றும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இது புதிய செய்தி. பேட் டிஸ்க்கைத் தேய்ப்பதால் மட்டும் பிடி வருவதில்லை. பேடின் பொருள் மிக மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் மேல் பேட் பிடிக்கும்போதுதான் பிரேக் ஒரே சீராக இருக்கும். வரப்பு விழுந்த பேட் அந்தப் படலத்தை வளையம் வளையமாக மட்டும் பூசுகிறது. சூடு ஏறி இறங்க, சில இடங்களில் திட்டுத்திட்டாகவும் படியும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று நாம் சொல்லும் நடுக்கம் பெரும்பாலும் வளைவால் வருவதில்லை. சுற்றிலும் தடிமன் ஒரே மாதிரி இல்லாததால்தான் வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே காலில் தெரியும். எந்த நடுக்கத்தைப் போக்கப் புது டிஸ்க் வாங்கினேனோ, அதே நடுக்கத்துக்கு நானே விதை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சில நூறு கிலோமீட்டர் ஓடினால் பேட் தானாகத் தட்டையாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது பொய் இல்லை, வரப்புகள் தேய்ந்து முகம் கடைசியில் டிஸ்க்கோடு பொருந்தத்தான் செய்யும். அந்தச் சில நூறு கிலோமீட்டருக்குள் குறுக்கே யாரும் ஓடிவர மாட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கினால்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பேடில் வாய்க்காலின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. அவ்வளவையும் தேய்த்து எடுத்தால் 4.5 என்பது 3.5க்குக் கீழே போகும். கையால் தேய்க்கும்போது ஓரங்கள் உருண்டுபோகும், ஒரு பக்கம் சரியும். பேடின் முகம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் மேலாக ஒரு தேய்ப்புத் தேய்த்து அந்த மினுமினுப்பை எடுப்பது வேறு, அது செய்யக்கூடியதுதான். வாய்க்கால் விழுந்ததைத் தேய்த்துச் சமன்செய்வது பலன் தராத உழைப்பு. மெல்லிய பேடுக்கு இன்னொரு குறையும் உண்டு. டிஸ்க்கின் சூட்டுக்கும், பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் நடுவே தடுப்பாக இருப்பது பேட்தான். அது மெலிய மெலிய, பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகும் சூடு கூடுகிறது. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தபின் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4க்கு இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு போல் அமுங்கும்.

இழுத்ததற்கான காரணம் வலது சக்கரத்தில் இருந்தது. நான் பேடை நடுவில் மட்டும்தான் அளந்திருந்தேன். இந்த முறை நான்கு மூலையிலும் அளந்தேன். வலதுபக்க உள் பேடில் மேல் முனை 5 மி.மீ., கீழ் முனை 3.5 மி.மீ. ஆப்பு மாதிரி சரிந்திருந்தது. பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களில் கீழ்ப் பின் கையால் இழுத்தால் வரவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்தது. முதல் தடவையே புதுப் பேட் போட்டிருந்தால், தேய்ந்த பேடைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டு. பழசையே திரும்பப் போடும் எண்ணத்தில் இருந்தவனுக்கு அதன் குறை கண்ணில் படவில்லை. கழற்றிய பேட் நிறையச் சொல்லும். உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேயவில்லை என்றாலும், ஒரே பேட் சரிந்து தேய்ந்திருந்தாலும், ஸ்லைடு பின்னையும் பிஸ்டனையும் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

நல்ல வேளையாகச் சீக்கிரமே பிரித்துவிட்டதால் டிஸ்க் பிழைத்தது. சுற்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன், வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் இருந்தது. மெக்கானிக் அண்ணன், சிறு ஆட்டத்தையும் காட்டும் தன் டயல் கேஜைக் கொடுத்தார். டிஸ்க்கைப் பூட்டிச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் 0.03 மி.மீ. கையேடு அனுமதிப்பது 0.05. அவரே வந்து பார்த்துவிட்டு, "நீலம் மேலாகத்தான் இருக்கு, முகத்தை உப்புத்தாள்ல சுத்தம் பண்ணிட்டுப் புதுப் பேட் போடுங்க" என்றார். 120ஆம் எண் தாளால் வட்டமாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து அந்த வளையங்களை எடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் டிஸ்க்கும் போயிருக்கும்.

இரண்டாவது முறை பூட்டியபோது முதல் முறை அவசரத்தில் விட்ட சிலவற்றைச் செய்தேன். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி வைக்காமல் ஸ்டாண்டு கொடுத்தேன். டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பிப் பிரஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். அங்கே ஒரு துருப் பொடி நின்றாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும், அந்தச் சாய்வு விளிம்புக்குப் போகும்போது பெரிதாகும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். அதை பிரேக் கிளீனரால் துடைத்து எடுக்காவிட்டால் நேராகப் பேடில் ஏறும். எண்ணெயோ பிரேக் ஆயிலோ ஊறிய பேட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பேட் தூசியை ஊதவும் இல்லை, காற்றுக் குழாய் பிடிக்கவும் இல்லை. கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைத்தேன், முகக்கவசம் போட்டுக்கொண்டேன். பழைய காலப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இன்றைய பேட் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டினேன். தேய்ந்த பேடுக்கு ஏற்ப வெளியே வந்திருந்த பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பி வரும். முன்பு யாராவது அதில் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் சுற்றிலும் துணி போட்டு வைத்தேன். ஸ்லைடு பின்களுக்குப் புது ரப்பர் உறை போட்டு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் அந்த ரப்பரை உப்ப வைக்கும். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். ஒரு பக்கமாக இழுத்து இறுக்கினாலும் டிஸ்க் சாயும். கடைசியாக, வண்டியை அசைக்கும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கினேன். பிஸ்டன் உள்ளே போயிருக்கும்போது முதல் சில மிதிகளுக்கு பிரேக் இருக்கவே இருக்காது. இதை மறந்து வண்டியை நகர்த்திச் சுவரில் இடித்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுப் பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்குவதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையாகப் பார்த்துப் போனேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு அழுத்தமாக மிதித்துக் குறைத்தேன். முழுதாக நிறுத்தவில்லை. நடுவே கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, இப்படிப் பத்து முறை. அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிக் குளிர வைத்தேன். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்கக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். நின்ற இடத்தில் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும், நடுக்கம் அங்கிருந்து தொடங்கும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வீட்டுக்கு வந்து சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை ஒரே சாம்பல் நிறம்.

அப்படியென்றால் பழைய பேடை ஒருபோதும் திரும்பப் போடக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். சில மாதம் கழித்துத் தம்பியின் காரில் அதே கேள்வி வந்தது. ஒரு சிறு கல், டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கி, இடது டிஸ்க்கின் உள் ஓரத்தில் பேட் தொடாத இடத்தை ஒட்டி ஆழமாகக் கீறிவிட்டது. பேட் போட்டு 800 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. இந்த முறை அளவைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். முதலில் இரும்பு அளவுகோலின் விளிம்பைப் பேடின் முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், எங்கும் வெளிச்சம் கசியவில்லை. வெடிப்பு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, முதுகுத் தகட்டிலிருந்து எங்கும் பிரியவில்லை. நான்கு பேடும் நான்கு மூலையிலும் 10 மி.மீ.க்குக் குறையவில்லை. தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, பழைய படலம் போகும் அளவுக்கு மட்டும் முகத்தை நனைத்துத் தேய்த்தோம். எந்தப் பேட் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று முதுகில் எழுதி வைத்து அதே இடத்தில் பூட்டினோம். டிஸ்க்கை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றினோம். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிடி சமமாக இருக்காது.

பழக்கும்போது மட்டும் அவனைக் கூடுதலாக ஐந்து முறை செய்யச் சொன்னேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். டிஸ்க் முகம் முழுக்க ஒரே நிறம், கோடு இல்லை, நடுக்கமும் இல்லை. வலதுபக்க வெளிப் பேடின் ஒரு முனையில் மட்டும் மற்ற முனையைவிட 0.2 மி.மீ. குறைவாக இருந்தது. அந்தப் பக்கத்து ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் சரியாகப் பரவியிருக்கவில்லை. துடைத்து, புதிதாகத் தடவி, கையால் தள்ளினாலே நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டினோம்.